ஒரு பிரசவத்துக்கு ஏழு வாளி

கேள்வி: கிராமப்புற சுகாதார நிலையங்களில் குழாய், கழிப்பறை, கைகழுவும் தொட்டி எல்லாம் கட்டிக் கொடுத்த பிறகும் சுத்தம் வந்தபாடில்லை. ஊழியர்களின் அலட்சியம்தானே காரணம்? இன்னும் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினால் இவர்கள் திருந்துவார்கள்?

பதில்: பழியை இத்தனை சுலபமாகச் செவிலியரின் தலையில் இறக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அலட்சியக்காரர்கள் எந்த வேலையிலும் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தக் குழாயைத் திருகிப் பார்த்தீர்களா? தண்ணீர் வந்ததா?

பிரசவ அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரசவத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அளவுகோல். 15 லிட்டர் வாளி என்றால் ஏழு நடை. மோட்டார் பழுதாகிக் கிடக்கும் நிலையத்தில், நள்ளிரவில், அந்த ஏழு நடையையும் யார் நடப்பது? தனியாளாக இரவுப் பணி பார்க்கும் செவிலியரா? வலியில் துடிக்கும் பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய தாயா? அப்படிச் சுமந்து வந்த தண்ணீரில் குழந்தையை எடுத்து, தாயைத் துடைத்து, கருவிகளை அலசி, மேசையைக் கழுவிய பிறகு வாளியின் அடியில் ஒரு குவளைதான் மிஞ்சும். அதையும் இன்னொருவர் சாய்த்து ஊற்றினால்தான் செவிலியர் கை கழுவ முடியும். கிருமிநாசினித் திரவம் இருக்கிறதே என்பீர்கள். ரத்தம் படிந்த கைக்கு அது போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் செய்ததை நினைத்துப் பாருங்கள். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவ வார்டுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்பில் குளோரின் ஏற்றிய கரைசலில் (இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோமே, அதேதான்) கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். 1846-ல் அந்த வார்டில் நூறு தாய்மார்களில் பதினொருவருக்கு மேல் இறந்தார்கள். 1848-ல் ஒருவர் சொச்சம்தான். கண்டிப்போடு கரைசலும் அங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள். கரைசல் இல்லாமல் கண்டிப்பு மட்டும் இருந்திருந்தால் யாரைக் காப்பாற்றியிருக்கும்?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, சிகிச்சை தரும் இடத்திலும் கழிப்பறையிலும் கை சுத்தத்துக்கு வசதியுள்ள சுகாதார நிலையங்கள் உலகம் முழுவதிலும் 51 சதவீதம்தான். ஏறக்குறைய பாதி நிலையங்களில் ஏதோ ஒன்று இல்லை. அத்தனை ஊழியர்களும் அலட்சியக்காரர்களா?

தொட்டி இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முறையாகச் சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். வாசலில் ஐம்பது நோயாளிகள் காத்திருக்க, ஒவ்வொருவரைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் தாழ்வாரத்தின் கோடிவரை எழுந்து போய்வர யாரால் முடியும்? கழிப்பறையின் கதையும் இதுதான். நல்ல நிலையில் இருக்கும் ஒன்று பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடமோ இருக்கும். தையல் ஆறாத உடம்போடு தாய் தாழ்ப்பாள் இல்லாத மற்றொன்றுக்குப் போக வேண்டும். இதை எழுதும்போதே எனக்கு மனம் கொதிக்கிறது.

பயிற்சி வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் யாரை உட்கார வைக்கிறார்கள்? மருத்துவரையும் செவிலியரையும். தரையைத் துடைத்து, கழிப்பறையைக் கழுவி, குப்பையை அள்ளும் துப்புரவுப் பணியாளர் அந்த நேரத்திலும் வெளியே துடைத்துக்கொண்டிருப்பார். நேற்றுக் கலக்கிய பிளீச்சிங் கரைசல் வீரியம் குறைந்துவிடும், அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? மருத்துவமனைக் குப்பையில் ஏறக்குறைய 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான். போட்ட ஊசி ஒன்று அதற்குள் விழுந்துவிட்டால் மொத்தமும் ஆபத்தாகிவிடுகிறது, அந்த ஊசி முதலில் குத்துவது அவர் கையைத்தான். ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததுமே மூடிவிட வேண்டும் என்பது விதி. மாற்றுப் பெட்டி வராத நிலையத்தில் பிதுங்கப் பிதுங்கத் திணிக்கிறார்கள்.

கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், கல்வெட்டு வைக்கிறார்கள். தேய்ந்த வாஷரை மாற்ற மட்டும் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழுதுபார்க்க ஒரு சிறு தொகை, யாரிடமும் அனுமதி கேட்காமல் செலவழிக்கும்படி, நிலையப் பொறுப்பாளர் கையிலேயே இருக்கட்டும். சோப்பையும் பிளீச்சிங் பவுடரையும் மருந்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றட்டும். பாராசிட்டமால் தீர்ந்தால் எப்படிப் பதறுகிறார்களோ அப்படியே சோப்பு தீர்ந்தாலும் பதற வேண்டும்.

அடுத்த வகுப்பைத் துப்புரவுப் பணியாளர்களுக்கு நடத்தச் சொல்லுங்கள், அன்றைய கூலியைப் பிடிக்காமல். அதற்கு முன்பு அந்த மோட்டாரை ஓட வைக்கச் சொல்லுங்கள்.