யோகா செய்தால் வாழ்க்கையில் பிடிப்பு வருமா?

வேலை, வீடு எல்லாம் இருந்தும் எதிலும் பிடிப்பில்லை, யோகா உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது. அப்பா இறந்த பிறகு, விடியற்காலையில் மதுரை வண்டியூர் தெப்பக்குளக் கரையில் துண்டை விரித்து உட்கார ஆரம்பித்தேன். முதல் வாரம் முழங்கால் வலி மட்டும்தான். அப்புறம் ஒருநாள், மூச்சை விடும்போது தண்ணீர் படியில் தட்டும் சத்தம் கேட்டது. தினமும் அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் இல்லை.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். அதனால் 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். உடம்பு அடங்கினால் மனசும் பின்னாலேயே வரும். அந்தத் தண்ணீர் சத்தம் கேட்ட அன்றுதான், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேச எனக்குத் தோன்றியது.

உயர் ரத்த அழுத்தம் இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் மட்டும் வேண்டாம்.