கேளுங்கள், சொல்கிறேன்: பிசியோ உதவியாளர் வேலைக்குப் படிப்பது

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு முழங்கால் நோவு, நாரிப்பிடிப்பு என்றுதான் கேள்வி வரும். இந்த முறை வந்தவற்றில் கனக்கக் கேள்விகள் வேலை பற்றியவை, அதுவும் பிசியோ உதவியாளர் என்ற ஒரே வேலை பற்றியவை. வன்னியில் ஆஸ்பத்திரியிலும் வீடு வீடாகவும் இயன்மருத்துவராக, அதாவது பிசியோவாக, அலைந்தவள் என்ற தகுதியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி: "அக்கா, உயர்தரத்தில் உயிரியல் படித்து இரண்டு தடவை எடுத்துவிட்டேன். மூன்று பாடமும் பாஸ், ஆனால் கம்பஸுக்குப் புள்ளி காணாது. ரொறொன்ரோவில் இருக்கும் சித்தி, அங்கே பிசியோ உதவியாளர் படிப்பு இரண்டே வருடம், வந்து படி என்கிறா. இங்கே ரவுனில் ஓர் இடத்தில் அதே பெயரில் ஆறு மாத டிப்ளோமா நடக்குது, முழுக்காசையும் முதலே கட்டச் சொல்கிறார்கள். சேரட்டா?"

காசைக் கட்டாதீர்கள் தங்கச்சி. மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

சித்தி சொல்வதில் பிழை இல்லை. அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்து நிற்கிறது. முதல் தொகுதி உதவியாளர்கள் அங்கே படித்து வெளியே வந்தது 1969இல். இரண்டு வருடப் பட்டம், அதுவும் அங்கீகாரம் உள்ள கல்லூரியில், படிப்புக்குள்ளேயே வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் நின்று பழக வேண்டும், அது முடிய நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சோதனை, அப்புறம் எந்த மாநிலத்தில் வேலையோ அந்த மாநிலத்தின் அனுமதிப் பத்திரம். கனடாவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பல கல்லூரிகள் பிசியோ உதவியாளர், தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் என்ற இரண்டையும் சேர்த்து ஒரே டிப்ளோமாவாக இரண்டு வருடத்தில் படிப்பிக்கின்றன. சித்தி இருக்கும் ஒன்ராறியோவில் இயன்மருத்துவருக்குத்தான் பதிவு, உதவியாளருக்குத் தனிப் பதிவு கிடையாது, அவருடைய வேலைக்கு இயன்மருத்துவரே பொறுப்பு. அவுஸ்திரேலியாவில் இதோடு ஒட்டிய படிப்பை மூன்றாம், நான்காம் நிலைச் சான்றிதழாகப் படிக்கிறார்கள்.

பெயர் எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நோயாளியைப் பரிசோதித்து, பிரச்சினை இது, பயிற்சி இது என்று தீர்மானிப்பவர் இயன்மருத்துவர். அந்தப் பயிற்சியை நோயாளியோடு நின்று செய்விப்பவர் உதவியாளர். இன்றைக்கு எத்தனை அடி நடந்தார், எந்த இடத்தில் நொந்தது, எப்போது முகம் வெளிறியது என்று பார்த்து எழுதி வந்து சொல்வதும் அவர்தான். பயிற்சியை நிறுத்தலாம், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தன்பாட்டில் வேறொன்றாக மாற்றக்கூடாது. இதைக் கேட்டதும் "அப்ப எடுபிடி வேலையோ" என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் நோயாளியைப் பார்ப்பது கால் மணித்தியாலம், உதவியாளர் பார்ப்பது ஒரு மணித்தியாலம். ஆரின் கண்ணுக்கு முதலில் படும் என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று. உதவியாளராகப் போய்ச் சேர்ந்துவிட்டால் கொஞ்சக் காலத்தில் அப்படியே பிசியோவாக ஏறிவிடலாம் என்று இங்கே ஒரு கதை உலாவுகிறது. அமெரிக்காவில் இயன்மருத்துவர் ஆவதற்குக் கலாநிதி நிலைப் படிப்பு வேண்டும், கனடாவில் முதுமாணி. அது இந்த ஏணியில் அடுத்த படி இல்லை, வேறு ஏணி.

சரி, ரவுன் டிப்ளோமாவுக்கு வருவோம். இலங்கை மருத்துவ சபை பதிவு செய்வது இயன்மருத்துவரை. பிசியோ உதவியாளர் என்ற பதிவு இங்கே இல்லை. அரச ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கைகொடுப்பவர்கள் சுகாதார உதவியாளர்கள், அவர்கள் இந்த டிப்ளோமாவைக் காட்டி வேலைக்கு வந்தவர்கள் இல்லை. ஆகவே அந்த இடத்துக்குப் போய், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் உங்கள் பதிவு எங்கே, இந்தப் பாடநெறி என்.வி.கியூ. எனும் தேசியத் தொழிற்தகைமையில் எத்தனையாம் நிலை, நோயாளியைத் தொட்டுப் பழகுவது எந்த ஆஸ்பத்திரியில், ஆருடைய மேற்பார்வையில் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "எங்களிட்ட பொம்மை இருக்கு" என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

நான் ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், இப்படி ஓர் இடத்தில் சான்றிதழ் வாங்கிய பெடியன் ஒருவர், கால் முறிந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்த ஒரு அம்மாவின் கெண்டைக்காலை எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்ததை நான் நேரில் கண்டவள். ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, தொட்டால் நோகுது என்றால் உள்ளே இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து சுவாசப்பைக்குப் போகலாம், ஆளே போய்விடலாம். அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, காசை மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

உங்களுக்கு உயர்தரம் இன்னும் ஒரு தடவை எடுக்கலாம். கொழும்பிலும் பேராதனையிலும் இயன்மருத்துவப் பட்டம் நான்கு வருடம், அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் காசு இல்லை. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கணக்கில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. உங்கள் முல்லைத்தீவு மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கிறது. மூன்று பாடமும் பாஸ் என்கிறீர்கள், கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததுக்குக் காசு கட்டவேண்டாம். அது சரிவராவிட்டால் பராமரிப்பாளர் பாடநெறியை என்.வி.கியூ. மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் செய்யலாம். அது பிசியோ இல்லை, ஆனால் ஓர் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க, தூக்கி இருத்த, குளிப்பாட்ட உண்மையாகவே கை பழகும், சான்றிதழுக்கும் பெறுமதி உண்டு. பக்கத்தில் ஆங்கிலத்தைப் பிடியுங்கள். கனடாக் கல்லூரி முதலில் கேட்பது அதைத்தான். சித்தியிடமும் ஒன்று சொல்லுங்கள்: கல்லூரிப் பெயரை மட்டும் அனுப்பாமல், அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, முடித்தபின் வேலை செய்ய விசா தருவார்களா என்பதையும் விசாரித்து அனுப்பட்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: "2009இல் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் காலைக் கழற்றிப் பூட்டுவது, துடைப்பது, துணி சுற்றுவது எல்லாம் நான்தான். இதைவிட ஒரு வகுப்பில் என்ன படிப்பிக்கப் போகிறார்கள்?"

உங்கள் கைக்கு ஒரு கும்பிடு தம்பி. இருந்தாலும் கேட்கிறேன், இரவில் படுக்கும்போது அப்பாவின் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறீர்களா? அநேகம் வீடுகளில் வைப்பார்கள், சுகமாக இருக்கட்டும் என்று பாசத்தில் வைப்பார்கள். மாதக்கணக்கில் அப்படி மடங்கியே கிடந்தால் முழங்கால் நீள மறுத்துவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல செயற்கைக் கால் கிடைத்தாலும் நேராக ஊன்ற முடியாது. துணி சுற்றும்போது வளையல் போல வட்டமாகச் சுற்றுகிறீர்களா, எட்டுப் போலக் குறுக்கே போட்டுச் சுற்றுகிறீர்களா? வட்டமாக இறுக்கினால் அதற்குக் கீழே இரத்தம் தேங்கும். எட்டுப் போல, நுனியில் இறுக்கம் கூட, மேலே வர வரத் தளர்வு, இதுதான் முறை. பின்பக்கத் தோல் அப்பாவின் கண்ணுக்குத் தெரியாது, ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து இரவில் பார்க்கச் சொல்லுங்கள். காலைக் கழற்றிக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மாறாத இடம் இருந்தால், நாளைக்குப் புண் வரப்போகும் இடம் அதுதான்.

பதினைந்து வருடத்துக்கு மேலே செய்தும் இதில் ஒன்றிரண்டு தெரியாமல் இருந்தால் அது உங்கள் பிழை இல்லை. வகுப்பு என்பது இதற்குத்தான். உங்களுக்கு ஒரு காலைத் தெரியும், அது அப்பாவின் கால். வேலைக்குப் போனால் சீனி வருத்தத்தில் வெட்டிய கால் வரும், முழங்காலுக்கு மேலே போன கால் வரும், மணல் முற்றத்தில் நடக்கவேண்டியவர் வருவார், மாடிப்படி ஏறவேண்டியவர் வருவார். ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது ஏலாத கால் முதல் என்ற சின்ன விதியைக்கூட, பயத்தில் நிற்கும் ஓர் ஆளுக்குப் பொறுமையாகச் சொல்லிப் பழக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இலிருந்து செயற்கை அவயவம் செய்கிறது. அப்பாவோடு அங்கே போகும் நாளில் கால் செய்யும் பட்டறைப் பக்கம் நின்று பாருங்கள், தொந்தரவு இல்லாமல் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒருவர், வவுனியா: "நான் 42 கிலோ. 80 கிலோ ஆளை எப்படித் தூக்குவது? உடம்பு இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவருமா?"

தூக்கத் தேவையில்லை. தூக்குகிறவர்கள்தான் ஐந்து வருடத்தில் நாரி போய் என்னிடம் நோயாளியாக வருகிறார்கள்.

பாரிசவாதம் வந்த ஓர் ஐயாவைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியை அவருடைய நல்ல கைப்பக்கம், கட்டிலோடு சாய்வாக விடுங்கள். இரண்டு பிறேக்கையும் போட்டு, ஒரு தரம் தள்ளிப் பாருங்கள், பழைய நாற்காலிகளில் பிறேக் போட்டும் சில்லு உருளும். கால் வைக்கும் தட்டை ஒதுக்குங்கள். ஐயாவைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் நிலத்தில் பட வேண்டும், செருப்பு வழுக்கக்கூடாது. இடுப்பில் அகலப் பட்டி ஒன்று கட்டுங்கள், பிடி அதில்தான். ஏலாத பக்கத்துக் கையை மட்டும் இழுத்துவிடாதீர்கள். அந்தத் தோளில் தசை வேலை செய்யாது, பொருத்து இளகித்தான் இருக்கும், ஒரு இழுவையில் கழன்றுவிடும், பிறகு கையைவிடத் தோள்நோவு பெரிய வருத்தமாகிவிடும். உங்கள் முழங்காலால் அவருடைய ஏலாத முழங்காலுக்கு அண்டை கொடுத்து, "ஐயா, மூக்கு முழங்காலுக்கு மேலே வரட்டும்" என்று முன்னுக்குக் குனியச் சொல்லுங்கள். அவர் குனியக் குனிய இடுப்பு கட்டிலை விட்டுத் தானாக எழும்பும். மூன்று எண்ணி, திரும்பி, இருத்தி. நீங்கள் கொடுத்தது வழி மட்டும்தான். அதற்கும் எழும்பாத ஆள் என்றால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட வெட்கப்படுகிறவருக்கு இந்த வேலை வேண்டாம்.

மன்னாரிலிருந்து: "இது மசாஜ் வேலைதானே?"

இல்லை.

கிளிநொச்சியிலிருந்து ஓர் அம்மா: "மகளுக்கு விருப்பம். ஆனால் ஆம்பிளையளின் உடம்பைத் தொடவேண்டி வருமே, நாளைக்குக் கலியாணம் பேசும்போது..."

தொடவேண்டி வரும், அம்மா. மழுப்ப மாட்டேன். அதனால்தான் தொடமுதல் சொல்லிக் கேட்டு, சம்மதம் வாங்கி, தேவையான இடத்தை மட்டும் திறந்து, மிச்சத்தைத் துணியால் மூடிச் செய்வது படிப்பின் ஒரு பாகமாகவே இருக்கிறது. விருப்பம் இல்லையென்றால் நோயாளியும் மறுக்கலாம், மகளும் இன்னொருவரை வரச்சொல்லிக் கேட்கலாம். தாதியாகப் போகும் பிள்ளையை இந்தக் கேள்வி கேட்பது நின்றுவிட்டது, இதிலும் நிற்கும். எங்கள் பக்கம் முள்ளந்தண்டில் அடிபட்ட பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை வந்தால்தான் வாய் திறந்து வருத்தத்தைச் சொல்வார்கள். அதையும் மகளின் கணக்கில் சேருங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு மாணவர்: "உங்களை மிகவும் பயப்படுத்திய நாள் எது அக்கா?"

மாங்குளம் பக்கம் ஒரு வீடு. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாத ஓர் அண்ணை, நாற்காலியில் இருந்து கைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். நான் திண்ணையில் இருந்து பதிவு எழுதுகிறேன். கூட வந்திருந்தது தொண்டுக்கு வந்து பழகும் ஒரு பிள்ளை, ஒரு சான்றிதழும் இல்லை. "அக்கா, அண்ணைக்குத் திடீரென்று தலையிடிக்குதாம், முகமெல்லாம் சிவந்து வேர்க்குது, கால் மட்டும் தொட்டால் குளிருது" என்றா. வெயிலுக்கு என்று நினைத்து நாங்கள் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருந்தால் அதுவே பிழையாகப் போயிருக்கும். முள்ளந்தண்டு மேலே அடிபட்டவர்களுக்குக் கீழே எங்கேயாவது ஓர் இடைஞ்சல் இருந்தால் அவர்களுக்கு நோவு தெரியாது, இரத்த அழுத்தம் மட்டும் கிடுகிடு என்று ஏறும், மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கும் அளவுக்கு ஏறும். படுக்க வைக்கக்கூடாது, நிமிர்த்தி இருத்த வேண்டும், இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி இடைஞ்சலைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. நான் இடுப்புப் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை முழங்காலிட்டு நாற்காலிக்குக் கீழே பார்த்தா. சலக்குழாய் மடிந்து சில்லுக்கும் தட்டுக்கும் இடையில் சிக்கியிருந்தது. இழுக்கவில்லை, சில்லைப் பின்னால் உருட்டி எடுத்துவிட்டா. பை நிறையத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அண்ணை "இப்ப பரவாயில்லை, தேத்தண்ணி போடச் சொல்லுங்கோ" என்றார், எனக்குத்தான் கை நடுங்கிக்கொண்டிருந்தது.