மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேட்டரி ரயில் இன்ஜின்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: "எங்கள் மகனுக்கு அடுத்த மாதம் மூன்று வயது நிறைகிறது. வில்லிவாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய வீடு என்பதால் ரயில் என்றால் அவனுக்கு உயிர். உறவினர் கொடுத்த மரத் தண்டவாளமும் காந்தக் கொக்கி வைத்த பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றை இழுக்க ஒரு பேட்டரி இன்ஜின் வாங்க நினைக்கிறோம். பென்சில் பேட்டரி நல்லதா, சார்ஜ் செய்வது நல்லதா? ரிமோட் வேண்டுமா? வீட்டில் பதினொரு மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள்."

பதில்: கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணனுக்கு வாங்கும் பொம்மை முதலில் தங்கையின் வாய்க்குத்தான் போகும். அட்டைப்பெட்டியில் மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் பிள்ளையின் அறிவுக்கு இட்ட அளவல்ல; தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு பாகம் உள்ளே இருக்கிறது என்ற எச்சரிக்கை. பரிசோதனைக் கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழல் ஒன்றில் பொம்மையின் பாகங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. கடையில் நீங்கள் செய்யக்கூடியது, புகைபோக்கி, சக்கரத்தின் ரப்பர் வளையம், முன்னும் பின்னும் உள்ள காந்தம் ஆகிய மூன்றையும் நகத்தால் நெம்பிப் பார்ப்பது. சற்றே அசைந்தாலும் வேண்டாம். காந்தம் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துளையே போட்டுவிடும் என்பதால், அதில் மட்டும் தாட்சண்யம் கூடாது. உறவினர் கொடுத்த பழைய பெட்டிகளின் காந்தங்களையும் இன்றே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

இதே காரணத்தால் ரிமோட் வேண்டாம் என்பேன். சிறுவர் ரிமோட்டுகள் பலவற்றில் இருப்பது பட்டன் செல், அதாவது நாணயம் போன்ற சிறு வட்டப் பேட்டரி. சிஆர் 2032 என்ற வகை 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் கொண்டது. குழந்தையின் உணவுக்குழாயில் போய்ச் சிக்குவதற்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கும். சிக்கிய இடத்தில் ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, அரிக்கும் தன்மையுள்ள காரம் (ஆல்கலி) உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். அது ஒருபுறம் இருக்க, மூன்று வயதில் ரயிலோடு சேர்ந்து தவழ்ந்து போவதுதான் விளையாட்டு. தூரத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவது அப்பாக்களின் ஆசை. இன்ஜினின் தலையில் பெரிய பொத்தான் ஒன்று, அழுத்தினால் ஓட, மறுபடி அழுத்தினால் நிற்க, அவ்வளவு போதும்.

முத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மின்சாரத்தில் இயங்குபவற்றுக்கான தர எண் ஐ.எஸ். 15644. முத்திரையோடு அச்சிட்ட உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் விலை குறைவுதான். அங்கே வாங்கினாலும் இந்த எண் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள்.

இனி, விற்பவர் யாரும் சொல்லாத, நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்று. பழுதுபார்க்க என் மேசைக்கு வரும் இன்ஜின்களில் பாதிக்கு மேல் ஒரே புகாருடன் வருகின்றன: "மோட்டார் சத்தம் கேட்கிறது, வண்டி நகரவில்லை." திறந்து பார்த்தால், மோட்டாரின் தண்டில் செருகிய கடலைப்பருப்பு அளவுள்ள வெள்ளைப் பற்சக்கரம் மயிரிழை அளவுக்குப் பிளந்து, தண்டு மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும். காரணம் தரக்குறைவு மட்டுமல்ல. பொத்தானை அணைத்துவிட்டுப் பிள்ளை இன்ஜினைக் கையால் தரையில் அழுத்தித் தள்ளுகிறது. ஓடும்போது பிடித்து நிறுத்துகிறது. சக்கரம் ஒரு பக்கம் இழுக்க, பற்கள் மறுபக்கம் இறுகி நிற்க, மெலிந்த இடம் உடைகிறது. தள்ளாதே என்று பிள்ளையிடம் சொல்வதில் பயனில்லை. தள்ளினால் தாங்கும் இன்ஜினைத்தான் நாம் தேட வேண்டும். பேட்டரி போடாமல் மேசைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். இலகுவாக உருண்டால் அதுவே சிறந்தது. 'டக் டக்' என்று உள்ளே ஏதோ நழுவும் ஓசையோடு உருண்டால், அழுத்தம் மிகும்போது உடையாமல் நழுவிக்கொடுக்கும் பற்சக்கரம் அதில் இருக்கிறது என்று பொருள்; அதுவும் பரவாயில்லை. சக்கரம் உருளாமல் வண்டி தேய்ந்துகொண்டு போனால், எத்தனை விளக்கும் ஊதலும் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையால் உருளும் இன்ஜினுக்கு இன்னொரு லாபம், பேட்டரி தீர்ந்த மாலையிலும் அழுகை வராது.

பேட்டரி விஷயத்தில் என் தேர்வு, ஏஏ அளவுள்ள பென்சில் பேட்டரி ஏற்கும் இன்ஜின். அதைவிட மெலிந்த ஏஏஏ வகை போடும் இன்ஜின்களே மரத் தண்டவாளத்துக்கு அதிகம் கிடைக்கின்றன. ஆனால் தனியே கழற்றிச் சார்ஜ் செய்து போடும் ரீசார்ஜ் வகையில் ஏஏ ஏறத்தாழ 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் என்றால், ஏஏஏ கொள்வது 800 சுமார்தான். ரீசார்ஜ் பேட்டரி 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் தருவதால் வண்டி சற்று மெதுவாக ஓடும். இந்த வயதில் அது குறையல்ல, வளைவில் கவிழாது. லித்தியம் பேட்டரியை உள்ளேயே பொதித்து யூ.எஸ்.பி. வழியே சார்ஜ் செய்யும் இன்ஜினில் மூடியைக் கழற்றும் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பேட்டரி வலுவிழந்தால் பலவற்றில் மாற்ற வழியில்லாமல் வண்டியையே தூக்கிப்போட வேண்டியிருக்கும். எந்த வகையானாலும் பேட்டரி மூடி திருப்புளியால் மட்டுமே திறக்கும்படி இருக்க வேண்டும். வெறும் கொக்கி மூடியைப் பதினொரு மாதக் குழந்தை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். இரண்டு பேட்டரி போடும் இன்ஜின் என்றால் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடுங்கள். நம் சென்னையின் உப்புக்காற்றுக்கு, பேட்டரியைத் தொடும் செம்புத் தகடு எளிதில் பச்சை பூக்கும். அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சில் சில துளி வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பராமரிப்பில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. தரையில் கிடக்கும் தலைமுடியும் பூச்சரத்து வாழைநாரும் அச்சில் சுற்றிக்கொண்டு, சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே கறுப்பு வளையம்போல் இறுகிவிடும். மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, சிறு கத்தரியால் வெட்டி, இடுக்கியால் உருவி எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியை அது பிடித்துவைக்கும். மேட்டுப் பாலத்தில் சக்கரம் வழுக்கினால் ரப்பர் வளையத்தை ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

வடிவத்தைப் பொறுத்தவரை புகைபோக்கி வைத்த நீராவி இன்ஜின்தான் ரயில் என்று நாம் நினைக்கிறோம். உங்கள் மகன் ஜன்னலிலிருந்து நாள்தோறும் பார்க்கும் புறநகர் மின்தொடரிலோ தனி இன்ஜினே கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஆகவே தட்டை முகமுள்ள எளிய இன்ஜினை அவன் மறுக்க மாட்டான். உடைந்து விழும் நீட்டல்களும் அதில் குறைவு.

கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள தண்டவாளத்தில் வளைந்த துண்டு ஒன்றையும் பெட்டி ஒன்றையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். மரத் தண்டவாளத்தின் பள்ளங்களும் பிளாஸ்டிக் தண்டவாளத்தின் பள்ளங்களும் ஒன்றல்ல. மரத்துக்கு என்று விற்பவற்றிலும் சில, வளைவில் அடிப்பாகம் இடித்து நின்றுவிடும். சக்கரம் பள்ளத்தில் உட்காருகிறதா, இன்ஜினின் காந்தமும் பெட்டியின் காந்தமும் ஒரே உயரத்தில் சந்தித்து ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். முகத்துக்கு முகம் தள்ளிக்கொண்டால் பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்க்கலாம்; இருபுறமும் தள்ளினால் அந்த இன்ஜின் உங்கள் பெட்டிகளுக்கானது அல்ல.