வெளிநாட்டில் பிள்ளைகள், ஊரில் பெற்றோர்: மனநலக் கேள்வி பதில்

(பதில்: புதுச்சேரி மனநல ஆலோசகர் ஒருவர்)

முத்தியால்பேட்டை அம்மா: மகள் அமெரிக்காவில். மருமகனுக்கு எச்-1பி வேலை விசா, இவளால் வேலைக்குப் போக முடியவில்லை. போனில் அழுகிறாள். குழந்தை பிறந்தால் சரியாகுமா?

குழந்தை அதற்கு மருந்து இல்லை அம்மா. ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவருக்குப் பிரசவத்துக்குப் பின் அது கூடும் வாய்ப்பு அதிகம். எச்-4 விசாவில் போன மனைவிக்கு, பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டுக்கான (நிரந்தரக் குடியிருப்பு) ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகுதான் வேலை அனுமதி கிடைக்கும். அந்த வழியும் 2015இல்தான் திறந்தது. சம்பாதித்த பெண் கைச்செலவுக்குக் கேட்டு நிற்பது சின்ன விஷயமில்லை. மருமகன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, தூக்கம், சாப்பாடு, அவர் நடத்தும் விதம் எல்லாம் கேளுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால், உடனே அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாசகர்: துபாயில் இருக்கும் தம்பிக்குத் தூக்க மாத்திரை கொடுத்தனுப்பலாமா?

கூடவே கூடாது. அல்பிரசோலம் போன்றவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. அனுமதி இல்லாமல் கொண்டுபோகிறவர் வழக்கில் மாட்டுவார். தம்பி அங்கேயே டாக்டரைப் பார்க்கட்டும்.

லாஸ்பேட்டை வாசகி: பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்?

என் துறை இல்லை. பிரெஞ்சு கான்சுலேட்டில் கேளுங்கள்.

உழவர்கரை தம்பி: அப்பாவுக்கு மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று. பாரிஸில் இருக்கும் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லலாமா?

இன்றைக்கே சொல்லுங்கள்.

கடலூர் ஐயா (குறுக்கிட்டு): அவன் நிம்மதியை ஏன் கெடுக்க வேண்டும்? அங்கிருந்து என்ன செய்துவிட முடியும்?

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அவருக்கு நிம்மதி இருக்கிறது என்று யார் சொன்னது? வீட்டில் ஒருமுறை மறைத்தது தெரிந்துவிட்டால், அப்புறம் "நல்லா இருக்கோம்" என்று சொன்னாலும் நம்பிக்கை வராது. நடுராத்திரியில் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கும். அவரும் வேலை போனதை, குடும்பச் சண்டையை மறைப்பார். இரண்டு பக்கமும் இப்படி மறைத்தே தூக்கம் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கடலூர் ஐயா: அழுதுகொண்டு டிக்கெட் போட்டு வந்துவிட்டால்?

வரட்டுமே. அப்பா கண் விழித்துப் பேசும்போது வருவது நல்லதுதானே? சொல்லும்போது என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், டாக்டர் என்ன சொன்னார் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பாவையே வீடியோவில் பேசவிடுங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: மஸ்கட்டுக்கு மாத்திரை...

மேலே சொல்லிவிட்டேன். எந்த நாட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

பாகூர் வாசகி: மகன்கள் பிரான்சில். மாமனார் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. வயதானால் இப்படித்தானே?

இல்லை அம்மா. தைராய்டு, பி12 குறைந்தாலும் இப்படி ஆகலாம். முதலில் ரத்தப் பரிசோதனை. அப்புறம் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதுவரை 14416, அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலிமானஸ். இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.