மாடி விரிசல பாக்டீரியா அடைக்குமா?

கேள்வி: அண்ணாச்சி, கடலுக்கு ரொம்பப் பக்கத்துல எங்க வீடு. மாடி காங்கிரீட்ல மயிரிழை விரிசல் நிறைய இருக்கு, சன்ஷேடுல காரை பெயர்ந்து துருக்கம்பியே வெளிய தெரியுது. பாக்டீரியா தண்ணிய ஊத்தினா எல்லாம் தானா மூடிரும்னு வாட்ஸப்ல ஒரு வீடியோ வந்துச்சு, நெசமா?
- வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, சங்கதி நெசம்தான், ஆனா உங்க சன்ஷேடுக்கு அது உதவாது. நெதர்லாந்து டெல்ஃப்ட் யூனிவர்சிட்டில ஹெங்க் யோங்கர்ஸ்னு ஒரு விஞ்ஞானி 2006-ல இருந்து இதுல வேலை செஞ்சாரு. பேசில்லஸ் பாக்டீரியாவோட ஸ்போரையும் (வெதை மாதிரி தூங்குற நெலை) அதுக்குத் தீனியா கால்சியம் லாக்டேட்டையும் காங்கிரீட் கலக்கும்போதே போட்டுருவாங்க, உள்ள இருக்குற காரத்துல மத்த கிருமியெல்லாம் செத்துரும், இது மட்டும் வருஷக்கணக்கா தூங்கிட்டு கெடக்கும், விரிசல் விட்டு தண்ணி எறங்குனதும் முழிச்சு தீனியத் தின்னுட்டு சுண்ணாம்புக்கல்லா கக்கும், அதாவது நம்ம கடக்கரைல கெடக்குற சிப்பில இருக்குற அதே கால்சியம் கார்பனேட். கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் விரிசல் வரைக்கும் அடைச்சுக் காட்டியிருக்காங்க. பழைய கட்டடத்துக்குத் தெளிக்கிற திரவமும் உண்டு, உங்க மாடில இருக்குற மயிரிழை விரிசலுக்கு அது பொருந்தும்.

பெங்களூர் ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகம்) வேற ஒரு பாக்டீரியா, யூரியா, கொத்தவரைப் பிசின் வச்சு நிலா மண் மாதிரியான மண்ணுல செங்கலே செஞ்சாங்க, நம்மாளுங்க செஞ்சதுன்னு எனக்கு அதுல பெரிய சந்தோசம். அதுக்காக யூரியாவ வாங்கி மாடில கொட்டிராதீங்க, யூரியா செதைஞ்சு வாற அம்மோனியம் உப்பு காங்கிரீட்ட அரிச்சிரும்.

சன்ஷேடு கதை வேற. உப்புக்காத்துல இருக்குற குளோரைடு உள்ள எறங்கி கம்பியத் துருப்பிடிக்க வைக்குது, துரு இரும்ப விட பல மடங்கு எடத்த அடைக்கும், அதான் காரையத் தள்ளி ஒடைக்குது. துருவ எந்த பாக்டீரியாவும் திரும்ப இரும்பா மாத்தித் தராது. கொத்தனார விட்டு சுத்தியலால தட்டிப் பாக்கச் சொல்லுங்க, டொப்பு டொப்புன்னு கேக்குற எடத்த எல்லாம் கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும் கொத்தி எடுத்து, கம்பிய மினுமினுன்னு வாற வரைக்கும் தேய்ச்சு, நல்ல தண்ணில உப்பு போக கழுவி, துருத் தடுப்பு பூச்சு அடிச்சு, பாலிமர் கலந்த ரிப்பேர் காரை வச்சு மூடணும். கம்பி மெலிஞ்சு போயிருந்தா எஞ்சினியர் பாக்காம கை வைக்காதீங்க, சன்ஷேடு விழுந்தா கீழ நிக்குற பிள்ளையள் தலையில தான் விழும். எடவப்பாதி மழைக்கு, அதாவது ஜூன்ல தொடங்குற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னாடி முடிச்சிருங்க, காரை கலக்க போர்வெல் உப்புத்தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம்.