கரையும் இலைகள்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதம் முன்பு இரண்டடி மீன்தொட்டி ஒன்று வாங்கினேன். சென்னை போயிருந்தபோது கொளத்தூரில் கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடிகளில் முதலாவது நான்கும் மற்றது இரண்டும் வாங்கிவந்து மணலில் நட்டேன். பத்தே நாளில் கிரிப்டோ இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிக் கூழாகிவிட்டன. ஃபெர்ன் அடியிலிருந்து கறுக்கிறது. வேர் பிடித்ததா என்று நாலு நாளுக்கொருமுறை பிடுங்கிப் பார்க்கிறேன். வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கைக் காலை ஆறு முதல் இரவு பத்து வரை எரியவிட்டேன், கண்ணாடி முழுக்கப் பாசி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா? மீன் என்று பார்த்தால் இரண்டு தங்கமீன்கள்தான்.

சரவணன், திருச்சி

அன்புள்ள சரவணன்,

கிரிப்டோ அநேகமாகச் சாகவில்லை. கடையில் கிடைக்கும் நீர்ச்செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. வேர் ஈரத்தில், இலை காற்றில். அப்படி வளர்த்தால் செடி சீக்கிரம் பெருகும், இலையில் பாசி ஒட்டாது. ஆனால் அந்த இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு, மூச்சுவிடத் துளைகள் என்று எல்லாமே காற்றுக்கான ஏற்பாடு. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதை உறிஞ்ச மெல்லிய, மெழுகில்லாத இலை வேண்டும். அதனால் செடி பழையதைக் கைவிட்டு, அடியில் சேர்த்துவைத்த சத்தில் புது இலை விடும். கிரிப்டோவுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். தண்ணீர் மாறினாலும் கரையும், பிடுங்கி நட்டாலும் கரையும். நாலு நாளுக்கொருமுறை நீங்கள் செய்வது அதைத்தான்.

நானும் ஒருமுறை மொட்டையாகிப்போன கிரிப்டோக்களை மணலோடு வாளியில் அள்ளிக் கொல்லையில் போட்டேன். மழைக்காலம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வாளியில் ஆறேழு இலை நிமிர்ந்து நிற்கிறது. சந்தோஷமாகத் திரும்பத் தொட்டியில் நட்டேன். திரும்பவும் கரைந்தது! அவையும் காற்றில் வந்த இலைகள்தானே. அந்தமுறை கை வைக்காமல் விட்டேன். ஐந்தாவது வாரம் சுருட்டிய வெற்றிலை மாதிரி ஒரு குருத்து வந்தது. இலங்கை ஓடைகளைச் சேர்ந்த ‘வெண்டி’ என்ற கிரிப்டோ வகை அது, நம் ஊர்ச் சூட்டையும் தாங்கிக்கொண்டது.

ஃபெர்ன் விஷயம் வேறு. அதன் படுக்கைத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். வெளியே எடுத்து, கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, ஒரு கல்லிலோ கட்டையிலோ கறுப்பு நூலால் கட்டிவிடுங்கள். அனுபியாஸ் என்ற செடி வாங்கினாலும் இதேதான்.

பதினாறு மணி நேர வெளிச்சம் பாசிக்குத்தான் விருந்து. ஏழு மணி நேரம் போதும். கரைந்த இலைகள் அழுகி அமோனியாவாகும், அதுவும் பாசிக்குத் தீனி. கூழான இலையை மட்டும் கிள்ளி எடுங்கள், வேரைத் தொடவேண்டாம். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். வெறும் மணலில் சத்து கிடையாது. கிரிப்டோ வேர்வழி சாப்பிடுகிற செடி, குருத்து தெரிந்ததும் பக்கத்தில் ஓர் உர மாத்திரையைப் புதைத்துவிட்டால் சில மாதங்களுக்குக் கவலையில்லை.

சிலிண்டர் வேண்டாம். இந்த இரண்டு செடிக்கும் அது தேவையே இல்லை. அந்தக் காசில் சின்னதாக ஒரு டைமர் வாங்கி விளக்கில் மாட்டுங்கள். மீதிக்கு வேலம்பாசி என்ற நீர்ச்செடி ஒரு கட்டு. பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கைக்குப் புனலைக் கவிழ்த்துக் குமிழி எண்ணினோமே, அந்த ஹைட்ரில்லாதான். வேகமாக வளர்ந்து, பாசி தின்பதைத் தான் தின்றுவிடும்.

ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் தங்கமீன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு வேலம்பாசி என்றால் கீரை. ஃபெர்னைப் பெரும்பாலும் தொடாது, கிரிப்டோவைத் தோண்டிப் பார்க்கும். நட்ட இடத்தைச் சுற்றிக் கூழாங்கல் வையுங்கள். வேலம்பாசியை இரண்டு கட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.