850 அடியில் வராத தண்ணீர் 1,200 அடியில் வருமா?

கேள்வி: ராயக்கோட்டைக்கு அருகே, மொட்டைப் பாறைக் குன்றை ஒட்டி எனக்கு 3 ஏக்கர் நிலம் உள்ளது. 850 அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் கல்மாவுதான் பறந்தது. இன்னும் 350 அடி இறக்கினால் நிச்சயம் தண்ணீர் வரும் என்கிறார் ஏஜென்ட். இறக்கலாமா?

பதில்: இறக்காதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அடித்தளம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல் இனப் பாறை. அதற்குள் ஈரம் ஊறிக் கிடக்காது. மேலே மக்கிய அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். ஆழம் கூடக்கூட மேற்சுமை அழுத்துவதால் வெடிப்புகள் இறுகி, எண்ணிக்கையிலும் குறைந்துவிடும். உங்கள் பக்கத்துக் குன்றையே பாருங்கள்: வெடிப்பு மிகுந்த பாறை மக்கிக் கரைந்து பள்ளமாகிவிட, வெடிப்பில்லாத பகுதிதான் குன்றாக எஞ்சி நிற்கிறது. அதே பாறை உங்கள் நிலத்துக்கு அடியிலும் நீண்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஏஜென்டுக்கு அடிக்கணக்கில்தான் கூலி. குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டினால் அடிக்கான விலையும் ஏறும். தண்ணீர் வராவிட்டால் அவருக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை. தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் 'பாயிண்ட்' பார்ப்பவரை அவரே அழைத்து வந்தால், கமிஷன் யாருக்கு என்று கேளுங்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அதை மண்ணும் பாறையும் எவ்வளவு தடுக்கின்றன என்று அளக்கும் மின்தடை ஆய்வு, மக்கிய அடுக்கின் கனத்தை ஓரளவு நன்றாகவே காட்டும். ஆயிரம் அடிக்குக் கீழே உள்ள குறுகிய வெடிப்பை அதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. அரசு வழியில் அந்த ஆய்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயியிடம்தான் இந்த ஏஜென்டுகள் வந்து நிற்கிறார்கள் என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இப்பகுதியில் பழைய பாறையைக் கிழித்துக்கொண்டு எழுந்த கறுப்புப் பாறைச் சுவர்கள் பல இடங்களில் நீளக்கோடாக ஓடுகின்றன. கறுப்பு கிரானைட் என்று வெட்டி விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். வயல்களின் ஊடே கறுப்புக் குண்டுக்கற்கள் ஒரே வரிசையில் கிடந்தால் சந்தேகப்படலாம். அந்தச் சுவர் நிலம் சரியும் திசைக்குக் குறுக்கே அமைந்தால், நிலத்தடி ஓட்டத்தை அணைபோல் மறித்து மேட்டுப் பக்கத்தில் தண்ணீரைத் தேக்கும். ஆனால் சுவரே உடைந்திருந்தால் தேங்காது. சரிவுப் போக்கிலேயே அது நீண்டு சென்றாலும் பயனில்லை. ஆகவே சுவரின் இருபுறமும் உள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கோடையில் அளந்து ஒப்பிடுங்கள். மேட்டுப் பக்கம் தெளிவாக உயர்ந்திருந்தால், அங்கே சுவரை ஒட்டிப் புதிதாகத் துளையிடுவது பற்றி யோசிக்கலாம். அதற்கும் 1,200 அடி தேவைப்படாது.

இதற்கிடையில், தண்ணீர் வராத துளையிலிருந்து கேசிங் பைப்பை (மேல்மண் சரியாமலிருக்க இறக்கிய குழாயை) உருவிச் செல்ல ஏஜென்ட் கேட்பார். துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்பி மூடும் பொறுப்பை எழுத்தில் வாங்காமல் பைப்பைத் தொட விடாதீர்கள். அதுவரை துளையின் வாயை இரும்புத் தகட்டால் மூடிப் பற்றவைத்து வையுங்கள்.